தோட்டப்புற ஊரில் அனைத்துலக மாணவருக்கு விருது: புதிய செயலவையினருக்கு ஒரு வழிகாட்டி

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து, "வெளிநாட்டுலேர்ந்து படிக்க வந்த பிள்ளைங்க சனிக்கிழமையானா நம்ம தமிழ்ப்பள்ளிக்கு வந்து பாடம் சொல்லிக் குடுக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு விருது குடுக்கக் கூடாதா?" என்று கேட்டிருப்பார். எல்லாரும் ஆமோதித்திருப்பார்கள். தீர்மானம் நிறைவேறி, வேலை மட்டும் புதிதாகத் தேர்வான செயலாளரிடமோ இளைஞர் பிரிவிடமோ வந்து சேர்ந்திருக்கும். அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் இருப்பது கெடா மாநிலம் பீடோங்கில். வடமேற்கே நிமிர்ந்தால் குனோங் ஜெராய் மலை. சுற்றிலும் ஒருகாலத்தில் ரப்பராக இருந்து இன்று பெரும்பாலும் செம்பனையாகிவிட்ட தோட்டங்கள். ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரை இங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. இதே வட்டாரத்தில், செமிலிங்கில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. உருவாக்கிய கல்விக்கூடம் அது, 2001இல் தொடங்கியது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று படிக்க வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வாழும் ஊரில், கடல் தாண்டி வந்த பிள்ளை ஒருவர் நம் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கிறார் என்றால் அதை ஊர் கவனித்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன் நான். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். பக்கத்தில் ஒரு கல்லூரியும் நாலைந்து தோட்டங்களும் இருந்தால் கீழே உள்ளவை அப்படியே பொருந்தும்.

கட்டுரை முழுக்க ஒன்றையே வலியுறுத்தப் போகிறேன்: மாணவர் செய்த வேலையைக் கண்ணால் பார்த்தவரை எழுத வையுங்கள். மண்டபம், கேடயம், பிரமுகர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. யாருக்கு, யார் தேர்ந்தெடுப்பது

மனு கோருவதற்கு முன்பே தகுதியை ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். மாணவர் அனுமதியில், அதாவது ஸ்டூடண்ட் பாஸில், முழுநேரமாகப் படிப்பவராக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பருவங்களை இங்கே முடித்திருக்க வேண்டும். சேவை நம் வட்டாரத்தில் நடந்திருக்க வேண்டும். இந்த மூன்றோடு, மூன்றாம் பகுதியில் சொல்லும் படிப்புத் தகுதியும் இருந்தால் போதும். நாடு, மதம், மொழி எதையும் தகுதியில் சேர்க்காதீர்கள்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சங்கங்கள் விருது கொடுக்கும்போது தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த, மேடையில் அழகாகத் தமிழ் பேசும் பிள்ளை மீது மனம் தானாகச் சாய்ந்துவிடும். அது இயல்பு. ஆனால் தமிழே தெரியாமல், கைச்சாடையாலும் அரைகுறை மலாயாலும் நம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்த இந்தோனேசிய மாணவியோ நைஜீரிய மாணவரோ அந்தச் சாய்வில் காணாமல் போய்விடுவார். தேர்வுக் குழுவில் தமிழர் அல்லாத ஒருவரை உட்கார வைப்பது இதற்கு நல்ல மருந்து. தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், சீனக் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி, ஊரை அறிந்தவராக இருக்கட்டும்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும்: தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், சங்கத்திலிருந்து இருவர், மேலே சொன்ன வெளியாள் ஒருவர். மனு செய்யும் மாணவருக்கு அந்த விரிவுரையாளர் பாடம் எடுப்பவராக இருந்தால், அந்த மனுவைப் பேசும் நேரத்தில் அவர் வெளியே இருக்கட்டும். நன்கொடை கொடுத்தவரையும் அரசியல் பொறுப்பில் உள்ளவரையும் குழுவில் சேர்க்காதீர்கள். மரியாதைக்கு அவர்களை விழாவுக்கு அழைக்கலாம்.

2. பல்கலைக்கழகத்திடம் முதலில் பேசுங்கள்

மாணவர்களிடம் நேராகப் போகாதீர்கள். அனைத்துலக மாணவர்களுக்கென்றே பெரும்பாலான கல்விக்கூடங்களில் தனி அலுவலகம் உண்டு. இல்லாவிட்டால் மாணவர் விவகாரப் பிரிவு பார்த்துக்கொள்ளும். சங்கத்தின் பதிவு எண் போட்ட கடிதத்தாளில், விருது என்ன, யார் கொடுக்கிறார்கள், என்ன ஆவணம் வேண்டும், விழா எப்போது என்று ஒரே பக்கத்தில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தேர்வு வாரம் எது, பருவ விடுமுறை எப்போது என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விழா தேதியை அதற்குப் பிறகு போடுவதுதான் முறை. மண்டபம் கிடைத்த நாளில் தேதி வைத்துவிட்டு, விருது பெற வேண்டிய பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குப் பறந்துவிட்டார் என்றால் மேடையில் கேடயம் மட்டும்தான் இருக்கும்.

மதிப்பெண் பட்டியலை அலுவலகம் உங்களிடம் தானாகத் தராது; தரவும் கூடாது. மாணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தோடு அவரே வாங்கித் தரட்டும். கடப்பிதழின் (பாஸ்போர்ட்டின்) முழு நகலைக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தேவை பெயர் இருக்கும் பக்கம் மட்டுமே. அதையும் சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

3. படிப்பை எப்படிப் பார்ப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைத் தேர்ச்சி பெரும்பாலும் 4.00 புள்ளி அளவில் வரும். ஒரு பருவத்துக்கான சராசரி ஜி.பி.ஏ.; இதுவரையிலான எல்லாப் பருவங்களின் சராசரி சி.ஜி.பி.ஏ. பல கல்விக்கூடங்களில் ஒரு பருவத்தில் 3.50 அல்லது அதற்கு மேல் எடுத்தவரை டீன் பட்டியலில் சேர்ப்பார்கள். உங்கள் விருதுக்கும் 3.50ஐ எல்லையாக வைத்துக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த எல்லை எல்லாருக்கும் பொருந்தாது. ஐந்தாண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டம் கட்டமாக நடக்கும் தொழில்முறைத் தேர்வுகளில் தேறினாரா, எந்தப் பாடத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கினார் என்பதுதான் முக்கியம். பல இடங்களில் அவர்களுக்கு சி.ஜி.பி.ஏ. என்ற எண்ணே இருக்காது. வணிக நிர்வாகம் படிக்கும் மாணவரின் 3.90ஐயும் மருத்துவ மாணவரின் தேர்ச்சியையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முயன்றால் குழுவே சண்டை போட்டுக்கொள்ளும். ஆய்வு வழியாக முதுகலையோ முனைவர் பட்டமோ செய்பவருக்கும் பாடத் தேர்வு எண் இராது. அவருடைய ஆய்வு மேற்பார்வையாளரிடம், ஆய்வுத் திட்டம் ஏற்கப்பட்டதா, மாநாட்டில் கட்டுரை படித்தாரா, ஆய்விதழில் ஏதாவது வெளிவந்ததா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆகவே மனுப் படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். "உங்கள் துறையில் சிறந்த தேர்ச்சி என்று எதைச் சொல்வார்கள்? அதை நீங்கள் எட்டியதற்குச் சான்று என்ன?" என்று கேளுங்கள். பதிலோடு துறைத் தலைவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

சொந்த நாட்டில் எடுத்த மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சில நாடுகளில் பத்துப் புள்ளி அளவு, சில நாடுகளில் விழுக்காடு. அவற்றை நாமே பெருக்கி வகுத்து 4.00க்கு மாற்றுவது நம்முடைய வேலை இல்லை. இங்கே படித்த பருவங்களை மட்டும் பாருங்கள்.

முதல் பருவத்தில் சறுக்கியவர்களை உடனே தள்ளிவிடாதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். பதினெட்டு வயதில் தனியாக வந்து, மொழி புரியாமல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் முதல் பருவத்தில் 2.90 எடுத்தவர் அடுத்தடுத்த பருவங்களில் 3.60, 3.70 என்று ஏறியிருந்தால் அந்த ஏற்றமே அவருடைய சாதனை. "மொத்தச் சராசரி 3.50, அல்லது கடைசி இரண்டு பருவங்களும் 3.50க்கு மேல்" என்று விதியை எழுதினால் இவர்களுக்கும் கதவு திறக்கும்.

படிப்புக்குக் குறைந்தபட்சத் தகுதி வைத்து, அதைத் தாண்டியவர்களுக்குள் சமூகப் பணியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது புள்ளி போட்டுக் கூட்டும் முறையை நான் ஆதரிப்பதில்லை. அப்படிக் கூட்டினால், ஒரே ஒரு நாள் துப்புரவுப் பணியில் படம் எடுத்துக்கொண்ட 3.98 மாணவர், இரண்டு வருடம் விடாமல் தமிழ்ப்பள்ளிக்கு வந்த 3.55 மாணவரை முந்திவிடுவார். படிப்புக்கு அவருக்குப் பல்கலைக்கழகமே பரிசு கொடுக்கும். ஊர் தனியாக ஒரு விருது கொடுப்பதே ஊருக்குச் செய்ததைப் பார்த்துத்தானே!

4. சமூகப் பணி: பார்த்தவரைத் தேடிப் போங்கள்

நம் மாதிரி ஊர்களில் அனைத்துலக மாணவர்கள் செய்யும் வேலைகள் பல. தமிழ்ப்பள்ளியில் கூடுதல் வகுப்பு, கோயில் மண்டபத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம், இரத்த தானத்துக்கு ஆள் சேர்ப்பது, டிங்கி வந்த தாமானில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணி, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பது. எல்லாமே நல்லவை. எது ஆழமானது என்பதைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் உதவும்.

எத்தனை நாள் தொடர்ந்தார்? அவர் இல்லாவிட்டால் அந்த வேலை நடந்திருக்குமா? அவர் போன பிறகும் நடக்கிறதா? பாட மதிப்பெண்ணுக்காகச் செய்தாரா?

கடைசிக் கேள்வியை விளக்க வேண்டும். மலேசியாவில் பட்டப்படிப்புகளின் பொதுக்கல்விப் பாடங்களில் புறப்பாடமும் சமூகச் சேவையும் ஒரு பகுதி. அதற்காக ஒரு பருவம் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகும் மாணவர்கள் உண்டு. அப்படிப் போனதால் அவருடைய சேவைக்கு மதிப்புக் குறையாது. அந்தப் பாடம் முடிந்து மதிப்பெண்ணும் வந்த பிறகு, அடுத்த சனிக்கிழமையும் வந்தாரா என்று மட்டும் கேளுங்கள். வந்திருந்தால் அவரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பரிந்துரைக் கடிதம். விருதின் உயிரே அதுதான். பெரும்பாலும் முதலில் வரும் கடிதம் இப்படி இருக்கும்:

"இம்மாணவி எங்கள் பள்ளிக்கு வந்து சிறந்த சேவை ஆற்றினார். ஒழுக்கமானவர், பண்பானவர், கடமை உணர்வு மிக்கவர். அன்னார் எல்லா நலனும் பெற்று வாழ வாழ்த்துகிறோம்."

இதை வைத்துக்கொண்டு குழு ஒன்றும் செய்ய முடியாது. மாணவியின் பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் பொருந்தும். ஆனால் எழுதிய தலைமையாசிரியர் மீது குற்றமில்லை. நற்சான்றிதழ் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாம் பழக்கியிருக்கிறோம். அவரை நேரில் போய்ப் பாருங்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு கேளுங்கள்: "டீச்சர், அந்தப் பிள்ளை முதல் நாள் வந்தப்போ என்ன செஞ்சாங்க? எந்தப் பிள்ளைங்களோட உக்காந்தாங்க? இப்ப அந்தப் பிள்ளைங்க எப்படி?" அவர் சொல்லச் சொல்ல நீங்களே குறித்துக்கொண்டு, அதைத் தட்டச்சு செய்து அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அப்போது வரும் கடிதம் வேறு மாதிரி இருக்கும்:

"நான்காம் ஆண்டில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாத மாணவர்களை இவரிடம் ஒப்படைத்தோம். தமிழ் தெரியாததால் பாட்டில் மூடிகளையும் செம்பனைக் கொட்டைகளையும் அடுக்கி வைத்துப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தார். தேர்வுப் பருவம் தவிர எல்லாச் சனிக்கிழமைகளிலும் வந்தார்; வர முடியாத நாளுக்கு முதல் நாளே தகவல் சொன்னார். அந்த மாணவர்கள் இப்போது வகுப்போடு சேர்ந்து கணக்குச் செய்கிறார்கள். அவர் விட்டுச் சென்ற மூடிப் பெட்டியை எங்கள் ஆசிரியர்கள் இப்போதும் பயன்படுத்துகிறார்கள்."

இரண்டாவது கடிதத்தில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனாலும் படித்தவுடன் குழுவுக்கு அந்த மாணவி கண்முன் வந்து நிற்பார். நான்கு கேள்விகளில் மூன்றுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பள்ளியோடு நின்றுவிடாதீர்கள். லயத்து வீட்டிலோ மலிவு விலைக் குடியிருப்பிலோ இருக்கும் பாட்டியிடமும் கேளுங்கள். "அந்தத் தம்பி வந்து பிரஷர் பாத்துட்டு, மாத்திரையக் காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு டப்பால சூரியன், நிலான்னு படம் போட்டு ஒட்டிக் குடுத்துச்சு, ஐயா" என்று ஒரு பாட்டி சொன்னால், சொன்னபடியே எழுதி, நாள் போட்டு, அவருடைய ஒப்புதலோடு மனுவில் சேருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரின் சாட்சிக்கும் தலைமையாசிரியரின் சாட்சிக்கும் ஒரே எடை கொடுங்கள். நம் தோட்டங்களில் பெரும்பாலான நல்ல காரியங்களைப் பார்த்தவர்கள் அவர்கள்தாம்.

உடல்நல முகாம் என்றால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மருத்துவச் சட்டம் 1971இன்படி பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை அளிக்கலாம். மாணவர் அந்த முகாமில் மருத்துவர் அல்லது விரிவுரையாளர் மேற்பார்வையில் இருந்தாரா என்று கேளுங்கள். மருந்தை மாற்றினார், நோயைக் கண்டுபிடித்தார் என்று யாராவது பெருமையாக எழுதியிருந்தால், அது அந்த மாணவருக்கே பின்னால் தொல்லையாகலாம். நடந்ததை விசாரித்துச் சரியாக எழுதுங்கள். சிறுவர்களோடு செய்த வேலை என்றால், தலைமையாசிரியர் அனுமதியோடு, இன்னொரு பெரியவர் உடனிருக்க நடந்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள். சந்தேகத்தால் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் மாணவருக்கும் அதுவே பாதுகாப்பு.

5. மாணவர் அனுமதிக்கு இடையூறு வராமல்

அனைத்துலக மாணவர்களின் அனுமதி விண்ணப்பங்களை 2012இல் அமைக்கப்பட்ட இ.எம்.ஜி.எஸ். என்ற நிறுவனம் கையாள்கிறது. அனுமதி வழங்குவது குடிநுழைவுத் துறை. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் குறைந்தது 80 விழுக்காடு வருகையும் 2.00 சி.ஜி.பி.ஏ.யும் வேண்டும் என்பது பொது விதி. அதனால் வகுப்பு நாளில் மாணவர்களைச் சங்க வேலைக்குக் கூப்பிடாதீர்கள். எவ்வளவு பெரிய சேவையாக இருந்தாலும் வருகை குறைந்தால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வேலை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பருவ விடுமுறையிலும் ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுப்பிலும் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, கல்விக்கூடத்தின் வழியாக அனுமதி பெற்றுப் பகுதி நேர வேலை செய்யலாம். உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு சந்தை, ஹோட்டல் என்று இடங்களும் வரையறுக்கப்பட்டுள்ளன. சம்பளத்துக்கு டியூஷன் எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இதனால் உங்கள் எழுத்தில் கவனம் வேண்டும். ஊதியம் வாங்காமல் தொண்டாகச் செய்த பிள்ளையைப் பற்றி, பெருமைப்படுத்தும் ஆசையில் "பகுதி நேர ஆசிரியராகப் பணியாற்றினார்" என்று சான்றிதழில் எழுதிவிடுவார்கள். ஒரு சொல் போதும், வேண்டாத கேள்வி வருவதற்கு. "ஊதியமின்றித் தொண்டாகக் கற்பித்தார்" என்றே எழுதுங்கள். பெட்ரோல் செலவுக்கு என்று மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டு, சங்கத்து வண்டியில் கூட்டிப் போய்க் கூட்டி வாருங்கள். விருதுத் தொகையை ஒரே முறை, பரிசு என்று குறிப்பிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஐயம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது.

அரசியல் மேடை வேண்டவே வேண்டாம். தேர்தல் நெருங்கும் காலத்தில் விழா வைக்காதீர்கள். கட்சிக் கொடி பறக்கும் இடத்தில் வெளிநாட்டுப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது.

6. தேர்வுக் கூட்டம்

பெயர்களை மறைத்து மனுக்களை எண்ணிட்டுக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனியாகப் படித்து வரிசைப்படுத்திவிட்டு வரட்டும். பிறகு கூடிப் பேசுங்கள். முடிவுக்கு ஏன் வந்தோம் என்று ஐந்தாறு வரிகள் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். தகுதியானவர் யாரும் இல்லை என்றால் அந்த ஆண்டு கொடுக்க வேண்டாம். தேர்வாகாதவர்களுக்கும் கட்டாயம் ஒரு கடிதம் போக வேண்டும். அவர்களும் நம் பிள்ளைகளுக்காக உழைத்தவர்கள்தாம்.

7. சான்றிதழும் பெயரும்

கேடயத்தை மாணவர் விமானத்தில் எடுத்துப் போவாரோ மாட்டாரோ, சான்றிதழை நிச்சயம் எடுத்துப் போவார். மேற்படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதை இணைப்பார். அதை வேறு நாட்டில் படிக்கப் போகிறவர் நம் சங்கத்தை அறியாதவர். ஆகவே சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சங்கத்தின் பெயர், பதிவு எண், தேதி, எந்தத் தகுதியின் பேரில் தேர்வானார், என்ன செய்தார் என்பது மூன்று வரியில், சரிபார்க்கத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரி. "சிறந்த மாணவர் விருது" என்று தங்க எழுத்தில் மட்டும் போட்ட அட்டை அவருக்கு எங்கேயும் உதவாது.

பெயரைக் கடப்பிதழில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து போடுங்கள். நம் நாட்டில் இந்தியர் பெயர் என்றாலே கை தானாக ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) சேர்த்துவிடும். தமிழ்நாட்டு மாணவரின் கடப்பிதழில் அது இருக்காது. சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முன்னால் நிற்கும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் மாணவரிடம் வாட்ஸ்அப்பில் மாதிரியை அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் அவர் பெயரை எப்படி எழுதுவது என்றும் அவரிடமே உச்சரித்துக் காட்டச் சொல்லி, குரலைப் பதிவு செய்து அறிவிப்பாளரிடம் கொடுங்கள். மேடையில் பெயர் தவறாக ஒலித்தால், கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றியதாகத் தோன்றாது.

8. விழா

கோயில் மண்டபம் நமக்கு எளிது. ஆனால் விருது பெறுபவர் முஸ்லிமாக இருந்தாலோ வேறு நம்பிக்கை உடையவராக இருந்தாலோ அங்கே வரச் சங்கடப்படலாம்; கேட்டால் மரியாதைக்காகச் சரி என்றும் சொல்லிவிடுவார். பள்ளி மண்டபமோ டேவான் எனப்படும் பொது மண்டபமோ எல்லாருக்கும் நிம்மதி. சாப்பாடு ஹலால் சமையல்காரரிடமிருந்து வரட்டும். சைவம் தனி மேசையில் இருக்கட்டும். பொன்னாடை யாருக்கும் பிரச்சினை இல்லை. சந்தனம், குங்குமம், திருநீறு ஆகியவற்றை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, வேண்டுபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுங்கள். நெற்றியில் வைத்துவிடும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தோட்டப்புற ஊர்களில் இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்தை நம்ப முடியாது. மாணவரையும் அவர் அழைத்து வரும் நண்பர்களையும் கூட்டி வர, திரும்பக் கொண்டுபோய் விட யார் பொறுப்பு என்று பெயர் எழுதி முடிவு செய்யுங்கள்.

பிரமுகர் உரைகளைக் குறைத்து, பரிந்துரைக் கடிதத்தை முழுமையாக வாசியுங்கள். கடிதம் எழுதிய ஆசிரியரே வாசித்தால் இன்னும் சிறப்பு. மாணவர் எந்த மொழியில் பேச விரும்புகிறாரோ பேசட்டும். ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லலாம். அவரிடம் படித்த பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்குக் கைப்பேசியில் நேரலையாகக் காட்ட இளைஞர் பிரிவில் ஒருவரை நிறுத்துங்கள். நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து முதல் நாளே அவர்களுக்குத் தெரிவியுங்கள். இந்தியாவும் இலங்கையும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அப்பா அம்மா பார்க்காத விருது பிள்ளைக்கு அரை விருதுதான்.

9. நம் பிள்ளைகள் வெளியே போகும்போது

இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் இன்னொரு பயனும் உண்டு. நம் ஊரிலிருந்து வெளிநாடு போய்ப் படிக்கும் பிள்ளைகள் அங்கே அனைத்துலக மாணவர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஆண்டின் சிறந்த அனைத்துலக மாணவருக்குப் பிரீமியர் விருது கொடுக்கிறது. அமெரிக்காவில் 1986இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாங் பீச் வளாகத்தில் தொடங்கிய பை பீட்டா டெல்டா என்ற கௌரவச் சங்கம், அனைத்துலகக் கல்வியில் சிறந்த மாணவர்களையும் ஆசிரியர்களையும் உறுப்பினர்களாக ஏற்கிறது. பிரிட்டனில் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் விருதில் சமூகச் செயல்பாட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இத்தகைய விருதுகளுக்கு மனு செய்யும்போது படிப்புச் சான்றோடு, செய்த சேவையைப் பார்த்தவர் எழுதிய கடிதம்தான் கைகொடுக்கும். ஆகவே பயணம் போகும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி அனுப்புங்கள்: எங்கே தொண்டு செய்தாலும் தேதி, இடம், பொறுப்பாளர் பெயர், செய்த வேலை ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து வை, பொறுப்பாளர் மாறிப் போவதற்குள் கடிதம் வாங்கிவிடு.

10. விழா முடிந்த பிறகு

அடுத்த வாரத்துக்குள் பல்கலைக்கழகத்துக்கு நன்றிக் கடிதமும் சான்றிதழின் நகலும் அனுப்புங்கள். சான்றிதழ், பரிந்துரைக் கடிதம், படங்கள் எல்லாவற்றையும் வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து மாணவரின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பினால், பட்டம் பெற்றுப் போன பிறகு அது கையில் இல்லாமல் போகலாம். படங்களை வெளியிடும் முன் மாணவரிடமும், படத்தில் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து வேறு நாட்டு மருத்துவமனையிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ "இந்த விருது உண்மைதானா?" என்று கேட்டு மின்னஞ்சல் வரலாம். அன்றைக்குப் பதில் சொல்ல சங்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதனால் விருது தொடர்பான முகவரி செயலாளரின் சொந்த முகவரியாக இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் தலைவரிடமும் இருக்கட்டும். தகுதிப் பக்கம், குழுவின் முடிவுக் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள், ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கி, அடுத்த ஆண்டு மனு கோர வேண்டிய மாதத்தை முதல் பக்கத்தில் எழுதி, பொறுப்பு மாறும் அன்று புதிய செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.